வேலைக்குப் போகிற வழியில் கன்னடம்: பெங்களூரு மாணவர் காணொளித் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூருவில் கல்லூரியில் படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஊருக்குப் புதிதாக வேலைக்கு வந்த தமிழர்களுக்குப் பேச்சுக் கன்னடம் சொல்லித்தரும் காணொளிகளைத் தயாரித்தார்கள். யூடியூபில் ஏற்றினார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். சம்பளமும் இல்லை, கட்டணமும் இல்லை. முதல் செமஸ்டரில் திட்டம் ஏறக்குறைய படுத்துவிட்டது, அடுத்த செமஸ்டரில் எழுந்து நடந்தது. இடையில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பதுதான் இந்த ஆய்வு. குழுவின் பெயரோ கல்லூரியின் பெயரோ இதற்குத் தேவையில்லை.

யாருக்காக?

அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் போன்ற இடங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இந்தப் பாடம் வேண்டாம். அவர்கள் கன்னடத்தில் சண்டையே போடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்தின்படி 2017-18 கல்வியாண்டு முதல் பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம். எஞ்சியிருப்பவர்கள் இரண்டு வகை. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து கட்டட வேலை, ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலைக்கு வருபவர்கள் ஒரு வகை. எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் பி.ஜி. விடுதியில் தங்கி ஐ.டி. வேலைக்குப் போகும் இளைஞர்கள் இன்னொரு வகை. இரண்டாமவருக்கு லேப்டாப் உண்டு, வைஃபை உண்டு, ஆனால் அலுவலகத்தில் ஆங்கிலமே போதும். முதலாமவருக்குத் தேவை அதிகம். ஆனால் 12 மணி நேர ஷிப்ட், மெமரி நிரம்பிய போன், மாலையில் தீர்ந்துபோகும் டேட்டா.

இன்னொரு தடையைக் குழு முதலில் கணக்கில் எடுக்கவே இல்லை. இந்த ஊரில் தமிழை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். மளிகைக் கடையில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். ஆகவே கன்னடம் தெரியாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை. சிக்கல் வரும் இடங்கள் குறிப்பானவை: ஆட்டோ, பஸ் கண்டக்டர், வீட்டு உரிமையாளர், அரசு மருத்துவமனை வரிசை, சூப்பர்வைசர். பாடம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

முதல் செமஸ்டர்: பள்ளிக்கூட வரிசை

தொடங்கியதோ எழுத்திலிருந்து. உயிரெழுத்து, மெய்யெழுத்து, எண்கள், உறவுப்பெயர்கள், பிறகு இலக்கணம். ஒவ்வொரு காணொளியும் 10 முதல் 12 நிமிடம், வெள்ளைப் பலகை முன் ஒருவர் நின்று பேசுவார். பாடத்திட்டத்தை ஆங்கிலம் வழியாகக் கன்னடம் கற்பிக்கும் நூல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். பெரிய தவறு இதுதான். ‘எனக்குத் தெரியும்’ என்பதில் ‘நான்’ வராமல் ‘எனக்கு’ வருவதை ஆங்கிலம் பேசுபவருக்கு ஒரு முழுப் பாடமாக விளக்க வேண்டும். தமிழருக்கு ‘நனகெ கொத்து’ என்று ஒருமுறை சொன்னால் தீர்ந்தது. வினை கடைசியில் வரும், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் உருபு ஒட்டும் என்பதெல்லாம் அவர் வாயிலேயே இருக்கிறது. தெரிந்ததையே 12 நிமிடம் விளக்கினால் யார் பார்ப்பார்கள்? பார்வையாளர் நிலைப்பைக் காட்டும் யூடியூப் வரைபடத்தில் கோடு முதல் அரை நிமிடத்திலேயே கீழே விழுந்தது. அறிமுக இசை, குழுவின் அறிமுகம், ‘சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ எல்லாம் அந்த அரை நிமிடத்தில்தான் இருந்தன.

அதோடு தேர்வு மாதம் வந்தது, எடிட்டிங் செய்பவர்கள் காணாமல்போனார்கள்.

தமிழிலிருந்து தொடங்குவது

இரண்டாவது செமஸ்டரில் பாடத்திட்டத்தைக் கிழித்துப்போட்டு, தமிழ்க் காது ஏற்கெனவே பிடித்துக்கொள்ளும் ஒலி மாற்றங்களை முதலில் வைத்தார்கள். தமிழில் சொல்லின் முதலில் வரும் ‘ப’ கன்னடத்தில் பெரும்பாலும் ‘ஹ’ ஆகியிருக்கும்: பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பசி ஹசிவு, பெயர் ஹெசரு, பாம்பு ஹாவு. பழைய கன்னடத்தில் அங்கேயும் ‘ப’தான் இருந்தது, பிற்பாடு மாறியது. சொல்லின் முதலில் வரும் ‘வ’ அங்கே பெரும்பாலும் ‘பந்து’ என்பதில் வரும் அழுத்தமான ‘ப’ ஆகும்: வா பா, வெல்லம் பெல்ல, வெயில் பிசிலு, வாயில் பாகிலு, வலப்பக்கம் பலக்கெ. ‘ச’ சில இடங்களில் ‘க’ ஆகும்: செவி கிவி, சேரி கேரி. இந்த மூன்றையும் மூன்று பாடமாகப் போட்டால் கேட்பவர் கையில் சில டஜன் சொற்கள் சிரமமில்லாமல் வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு, அதை அதே பாடத்தில் சொல்லிவிட வேண்டும். வடமொழியிலிருந்து வந்த சொற்கள் மாறாது. பூஜெ, புஸ்தக, பரீக்ஷெ எல்லாம் ‘ப’வோடுதான் நிற்கும். வாரம் ‘வார’தான். இதைச் சொல்லாமல் விட்டால் உற்சாகத்தில் எல்லா ‘ப’வையும் ‘ஹ’ ஆக்கிவிடுவார்கள்.

தமிழருக்கே உரிய வழுக்கல்களும் இருக்கின்றன. ‘மாடு’ என்றால் செய். ‘கேளு’ இரண்டு மொழியிலும் ஒன்றுதான், ஆனால் ‘ஹேளு’ என்றால் சொல். வேகமான பேச்சில் இரண்டும் குழம்பும். ‘முந்தெ ஹோகி’ என்று கண்டக்டர் சொன்னால் முன்னால் நகர வேண்டும்; தமிழ்க் காதில் ‘முந்தி’ என்று விழுவதால் சிலர் அப்படியே நிற்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் மரியாதை. ‘வா, போ’வுக்கு ‘பா, ஹோகு’. ‘வாங்க, போங்க’வுக்கு ‘பன்னி, ஹோகி’. வேலையிடத்தில் கூட்டாளிகளிடம் கேட்டுப் பழகியவர் வீட்டு உரிமையாளரையும் ‘பா’ என்று கூப்பிட்டுவிடுவார். ஆகவே எல்லாப் பாடத்திலும் மரியாதை வடிவம் மட்டுமே என்று குழு முடிவு செய்தது. நண்பனை ‘பன்னி’ என்று கூப்பிட்டால் சிரிப்பான், அவ்வளவுதான். மறுபக்கத் தவறுக்கு விலை அதிகம்.

எந்தக் கன்னடம் என்ற கேள்வியும் எழுந்தது. நூலில் ‘மாடுத்தேனெ’, பெங்களூரு வாயில் ‘மாட்தீனி’. பேச்சு வடிவமே போதும் என்று வைத்தார்கள். கன்னட வரிகளைக் கன்னடம் தாய்மொழியான மாணவர்தான் பேச வேண்டும், தமிழ் விளக்கம் தமிழ் மாணவருடையது. ஒருவரே இரண்டையும் செய்தால் தமிழ் வாடையுள்ள கன்னடத்தைத்தான் கற்றுக்கொடுக்க நேரும்.

ஒரு பாடத்தின் உடற்கூறு

ஆட்டோ பாடத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 3 நிமிடம், புதிய தொடர்கள் 5, அதற்கு மேல் கூடாது: ‘மீட்டர் ஹாகி’ (மீட்டர் போடுங்க), ‘முந்தெ ஹோகி’ (முன்னால போங்க), ‘பலக்கெ தகொள்ளி’ (வலப்பக்கம் திருப்புங்க), ‘இல்லே நில்லிசி’ (இங்கேயே நிறுத்துங்க), ‘எஷ்டாய்த்து?’ (எவ்வளவு ஆச்சு?). நடைமுறையில் பலரும் ‘ரைட் தகொள்ளி’ என்றுதான் சொல்கிறார்கள் என்பதையும் பாடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். நல்ல முடிவு.

முதல் 15 விநாடி உரையாடல் இயல்பான வேகத்தில் ஒருமுறை ஓடும். அறிமுகம் கிடையாது, இசை கிடையாது. அடுத்து ஒவ்வொரு தொடரும் தமிழ்ப் பொருளோடு இரண்டு முறை. பிறகுதான் பாடத்தின் உயிர்நாடி: ‘இங்கேயே நிறுத்துங்க – எப்படிச் சொல்வீங்க?’ என்று தமிழில் கேட்டுவிட்டு 4 விநாடி மௌனம், அதன்பின் சரியான கன்னடம். ஒரே தொடரைச் சற்றுச் சற்று இடைவெளி கூட்டித் திரும்பக் கேட்பார்கள். மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் பிம்ஸ்லர் 1967இல் முன்வைத்த நினைவு அட்டவணை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம் என்று தொடங்கும். 3 நிமிடக் காணொளிக்குள் இந்த மூன்று இடைவெளியும் சரியாக அடங்கிவிடும். அடுத்த இடைவெளியான 10 நிமிடத்தைப் பஸ் பயணம் பார்த்துக்கொள்ளட்டும். மறுநாள் பாடத்தின் முதல் கேள்வி முந்தைய நாள் தொடரிலிருந்தே வரும்.

இந்த மௌனத்தில்தான் எடிட்டிங் சொதப்பியது. சமூக ஊடகக் காணொளிக்குப் பழகிய கைகள் மௌனத்தைக் கண்டாலே வெட்டும், மௌனத்தைத் தானாகவே வெட்டும் வசதியும் செயலிகளில் இருக்கிறது. முதலில் வந்த சில பாடங்களில் கேள்வியும் பதிலும் ஒட்டிக்கொண்டு வந்தன. கேட்பவர் வாய் திறக்கவே நேரமில்லை. அதன்பின் எழுத்துப்படியிலேயே ‘வெற்று 4 விநாடி’ என்று தனி வரியாகப் போட்டார்கள். திரையில் அந்த 4 விநாடிக்கும் சுருங்கிக்கொண்டே போகும் ஒரு பட்டை வைத்தார்கள். பட்டை இருந்தால் வீடியோ நின்றுவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை, எடிட்டரும் வெட்டுவதில்லை.

ஒலி, படம், எழுத்து

மொழிப் பாடத்தில் படம் சுமாராக இருக்கலாம், ஒலி சுமாராக இருக்கக் கூடாது. ஹாஸ்டல் அறையில் மின்விசிறியை நிறுத்தி, இரண்டு சுவரில் கம்பளி தொங்கவிட்டால் எதிரொலி குறையும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கம்பி காலர் மைக்கே போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்த வேண்டும், துப்பட்டா உரசாத இடத்தில். இதில் ஒரு பொறி இருக்கிறது. போனுக்கான மைக் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. இரண்டு வளைய பின்னைப் போனில் செருகினால் போன் சத்தமில்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். நாள் முழுக்க எடுத்து முடித்த பிறகுதான் தெரியும். தொடங்குமுன் காலர் மைக்கை நகத்தால் தட்டி, பதிவில் அந்தச் சத்தம் வருகிறதா என்று ஹெட்போனில் கேட்பது 10 விநாடி வேலை. ஒலி அளவை மைனஸ் 14 லஃப்ஸில் (சத்தத்தை அளக்கும் அலகு) நிறுத்தினால் யூடியூப் அதைக் குறைக்காது, எல்லாப் பாடமும் ஒரே சத்தத்தில் இருக்கும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் பட்டை பட்டையாக மினுக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் போகும். போன் பதிவு ஃபிரேம் வேகத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் என்பதால், 20 நிமிடம் தொடர்ந்து எடுத்து ஒலியைத் தனியாகப் பதிந்தால் கடைசியில் உதடும் குரலும் பிரியும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்குக்கு எடுக்க வேண்டும்.

எழுத்துதான் நெடுநாள் தலைவலி. கற்பவருக்குக் கன்னட எழுத்து தெரியாது, ஆகவே தமிழ் எழுத்தில் காட்ட வேண்டும். தமிழில் ‘பால்’ பகரத்துக்கும் ‘பந்து’ பகரத்துக்கும் ஒரே எழுத்து. நடுவில் வரும் ககரத்தைத் தமிழர் தானாகவே மெலிதாக்கிப் படிப்பார். ‘பேகு’ என்று எழுதினால், முதல் எழுத்தை அழுத்தியும் ‘கு’வை வல்லினமாகவும் சொல்ல வேண்டியவர் இரண்டையும் தலைகீழாகச் சொல்கிறார். சரி, ‘பேக்கு’ என்று போடலாமா என்றால், வகுப்பே சிரிக்கிறது. பழைய சமயநூல் பதிப்புகளில் உள்ளதுபோல எழுத்தின் மேல் சிறு எண் போட்டுப் பார்த்தார்கள். எண்ணையும் சேர்த்துப் படித்தார்கள். அடுத்து அழுத்தி ஒலிக்க வேண்டிய எழுத்தைச் சிவப்பாக்கினார்கள். லேப்டாப்பில் அழகாக இருந்தது, வாட்ஸ்அப்பில் போனதும் சிவப்பு எழுத்து கசங்கிப்போனது. காணொளிச் சுருக்கத்தில் நிறத் தகவலைப் பிரகாசத் தகவலைவிடக் குறைவான நுணுக்கத்தில்தான் சேமிக்கிறார்கள், சிறிய சிவப்பு எழுத்து அதில் கரையும். கடைசியில் வெள்ளை எழுத்தின் கீழ் தடித்த அடிக்கோடு என்று முடிந்தது. அதுவும் குரலை இரண்டு முறை கேட்ட பிறகுதான் எழுத்து திரையில் வரும். காது முதலில், கண் பிறகு.

கன்னட எழுத்தும் சிறிதாகக் கீழே இருக்கும், பழக்கத்துக்காக. சில போன் எடிட்டிங் செயலிகளில் கன்னட ஒத்தெழுத்துகள் (ஓர் எழுத்தின் கீழ் ஒட்டி வரும் மெய்கள்) உடைந்து தனித்தனியாக நிற்கும், கன்னடம் தெரியாத எடிட்டருக்கு அது தெரியாது. நோட்டோ சான்ஸ் கன்னட எழுத்துருவில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, படமாக ஏற்றுமதி செய்து ஒட்டுவதே பாதுகாப்பு. படிக்கச் சொல்லித்தரும் பாடங்களைக் கடைசிக்குத் தள்ளினார்கள். 2024 சட்டத் திருத்தத்துக்குப் பின் கடைப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்பதால் தெருவெல்லாம் பயிற்சிப் புத்தகமாகிவிட்டது, தனியாக எதுவும் அச்சடிக்க வேண்டியதில்லை.

கையில் சேர்ப்பது

யூடியூப் என்பது கிடங்கு. பாடம் உண்மையில் போய்ச் சேர்ந்தது வாட்ஸ்அப்பில். 480பி அளவில் விநாடிக்கு 600 கிலோபிட் படமும் 64 கிலோபிட் ஒலியும் வைத்தால் 3 நிமிடக் கோப்பு ஏறத்தாழ 15 எம்பி வரும். அதே பாடத்தின் ஒலி மட்டும் ஒன்றரை எம்பிக்கும் குறைவு. ஷிப்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்பவருக்கு ஒலியே போதும். ஆனால் அதற்காக எழுத்துப்படி மாற வேண்டும்: ‘இங்கே பாருங்கள்’, ‘திரையில் தெரிவது’ என்ற பேச்சே வரக் கூடாது. இதற்குப் பிறகு எழுத்துப்படியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் கேட்டுத் தேறிய பின்தான் படப்பிடிப்பு.

செங்குத்தாக எடுக்கலாமா என்று விவாதம் நடந்தது. 2024 அக்டோபர் 15 முதல் 3 நிமிடம் வரையுள்ள செங்குத்துக் காணொளிகள் யூடியூபில் ஷார்ட்ஸ் என்ற குறுங்காணொளிகளாகவே ஏறும், அதில் அடுத்த பாடத்தைக் காட்டும் இறுதித் திரை வைக்க முடியாது. வரிசையாகப் படிக்க வேண்டிய பாடத்துக்கு இது நஷ்டம் என்று கிடைமட்டத்திலேயே நின்றார்கள். ஏற்றும்போது ‘குழந்தைகளுக்கானது’ என்பதை யாரோ அழுத்திவிட்டால் கருத்துப் பகுதியும் அறிவிப்பு மணியும் போய்விடும். எளிய பாடம்தானே, குழந்தைகளுக்கும் ஆகும் என்று நல்லெண்ணத்தில் அழுத்துபவர்கள் உண்டு. கருத்துகளைப் பரிசீலனைக்குப் பின் வெளியிடும்படி வைப்பது கட்டாயம். காவிரிப் பேச்சு சூடாகும் நாட்களில் மொழிப் பாடத்தின் கீழேயும் அந்தச் சண்டை வந்துவிடும்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் தன்னார்வலர்களுக்கு இரவில் தேவையில்லாத அழைப்புகள் வரத் தொடங்கிய பிறகுதான் இது உறைத்தது. இப்போது தனி சிம்மில் ஒரு பொது எண், அறிவிப்புகளுக்கு உறுப்பினர் எண் மறைந்திருக்கும் கம்யூனிட்டி. பிராட்காஸ்ட் பட்டியல் சரிவராது, அந்த எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போகும். 18 வயது நிரம்பாத முதலாண்டு மாணவர் திரையில் வந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குகிறார்கள்.

திருப்பி வரும் குரல்

ஒவ்வொரு பாடத்துக்கும் பதிலாகக் கற்பவர் ஒரு குரல் செய்தி அனுப்ப வேண்டும். ஒரு தன்னார்வலருக்கு 15 பேர், அதற்கு மேல் போனால் பதில் தாமதமாகும். தாமதமானால் அடுத்த செய்தி வராது. எங்கள் பார்வையில் இத்திட்டத்தைக் காப்பாற்றியது காணொளி அல்ல, இந்தப் பதில்தான். ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் பெண் ஒருவர் இப்படி அனுப்பினார்: ‘அக்கா, சூப்பர்வைசர்கிட்ட ‘நாளெ பரல்ல’ன்னு சொன்னேன். லீவு கேக்கப் போயி, வரமாட்டேன்னு அடிச்சுச் சொன்ன மாதிரி ஆயிருச்சு. மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டாரு.’ தன்னார்வலரின் பதில்: ‘தப்பில்லக்கா, சொன்னது சரியான கன்னடம்தான். ‘சார், நாளெ ரஜா பேகித்து’ன்னு சொல்லிப் பாருங்க. வேணும்னு கேக்கறதே பணிவா இருக்கும்.’ அந்த ஒரு செய்தியிலிருந்து வேண்டுகோள் வடிவங்களுக்கென்று தனிப் பாடம் பிறந்தது. பாடத்திட்டம் எழுதியபோது யாருக்கும் இது தோன்றவில்லை.

பார்வை எண்ணிக்கையை நம்பியிருந்தால் தப்பான திசையில் போயிருப்பார்கள். அதிகம் பகிரப்பட்டது பால்–ஹாலு பாடம். ஏற்கெனவே கன்னடம் தெரிந்தவர்கள் ரசித்து அனுப்பியதே அதற்குப் பெரும் காரணம். குரல் செய்திகள் குவிந்ததோ ‘நீரு பந்தில்ல’ (தண்ணீர் வரவில்லை) என்று வீட்டு உரிமையாளரிடம் சொல்லும் பாடத்துக்கு, அதில் எந்தச் சுவாரசியமும் இல்லை. நான்காம் வார முடிவில் முகம் தெரியாத கன்னட மாணவர் ஒருவர் போனில் அழைத்து 2 நிமிடம் பேசுவார். வழி கேட்பது, விலை கேட்பது, நேரம் மாற்றுவது, புகார் சொல்வது, புரியவில்லை என்று திரும்பச் சொல்லக் கேட்பது என்று ஐந்து வேலைகள். தடுமாறினாலும் வேலை நடந்தால் தேர்ச்சி. இலக்கணத்துக்கு மதிப்பெண் கிடையாது.

மணிக்கணக்கும் ஒப்படைப்பும்

ஒரு 3 நிமிடப் பாடத்துக்கு எழுத்துப்படி 2 மணி நேரம், கன்னடச் சரிபார்ப்பு 1, பதிவு ஒன்றரை, எடிட்டிங் 3, வசனவரி 1, ஏற்றுவது அரை. மொத்தம் 9 மணி நேரம். 8 பேர் வாரத்துக்கு 3 மணி நேரம் தந்தால் 24. இரண்டு பாடம் போக 6 மணி நேரம் குரல் செய்திகளுக்கு மிஞ்சும். வாரம் மூன்று பாடம் என்று ஆசைப்பட்டால் முதலில் அடிபடுவது குரல் செய்திதான். தேர்வு மாதத்துக்கு முன் 6 பாடம் முடித்து, நேரம் குறித்துத் தானாக வெளியாகும்படி வைத்துவிட வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து செய்யும் எடிட்டிங்கைத் திட்ட அலுவலர் ஏற்பாரா என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கடைசியில் கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

யூடியூபில் மற்றவர்கள் வசனவரி சேர்க்கும் வசதி 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. ஆகவே வசனவரி எல்லாம் பொது விரிதாளில் தயாராகி, எஸ்.ஆர்.டி. என்ற வசனவரிக் கோப்பாக ஏறுகிறது. அந்த விரிதாள்தான் திட்டத்தின் மூலப்பிரதி: தொடர், தமிழ்ப் பொருள், எந்தப் பாடம், யார் சரிபார்த்தது, தேதி.

சேனல் ஒரு மூன்றாமாண்டு மாணவரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கப்பட்டது. அவர் படிப்பு முடித்து ஊர் மாறி, போன் எண்ணையும் மாற்றிவிட்டதால், இருபடிச் சரிபார்ப்புக் குறியீடு யாருக்கும் வராமல் சில வாரம் எதையும் ஏற்ற முடியவில்லை. இப்போது சேனல், பலர் சேர்ந்து உரிமையாளராக இருக்கக்கூடிய பிராண்டு கணக்கில் இருக்கிறது, உரிமையாளர்கள் இருவர், ஒருவர் கட்டாயம் முதலாமாண்டு. மற்றவர்களுக்கு எடிட்டர் அனுமதி மட்டும், கடவுச்சொல் பகிர்வது அறவே இல்லை. முதன்மை உரிமையை மாற்ற, புதியவர் குறைந்தது 7 நாள் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்பதால், விடைபெறு விழா அன்று மாற்றலாம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஒப்படைப்புக் கோப்புறையில் எழுத்துப்படிகள், கம்பளி இல்லாத மூல ஒலி எது, இருந்த ஒலி எது என்ற குறிப்பு, எழுத்துருக்கள், சம்மதக் கடிதங்கள், சிம் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம் ஆகியவை இருக்க வேண்டும். கோப்புப் பெயர் பாட எண்ணில் தொடங்க வேண்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கடைசி ஃபைனல்’ என்று பெயர் வைத்திருந்த முதல் செமஸ்டர் பாடங்களில் எது வெளியானது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றையும் சேனலில் ஓடவிட்டு ஒப்பிடத்தான் வேண்டியிருந்தது.